மாதா கூட்டுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி

அனுப்புநர்:
தையற்கடைக்காரி,
மாதா கோயில் பெரிய வாசலுக்கு நேர் எதிர்க்கடை,
கோயில் தெரு.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
பழைய கட்டடங்கள் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மாதா கோயிலை வரும் திங்கட்கிழமை இடிக்கும் உத்தரவு – அதற்கு முன் ஏணியோடு ஓர் ஆளை அனுப்பி, வடக்குச் சுவரின் உச்சியில் ஒட்டியிருக்கும் கண்ணாடியைப் பார்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கோயில் கதவில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் அலுவலக அறிவிப்பு.
2. தங்கள் அலுவலக முகப்பு எழுத்தர் எனக்கு நேரில் அளித்த பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி கோயிலின் எதிரே தையற்கடை வைத்திருப்பவள். சாமியாரின் பூசை உடுப்புகள், பீட விரிப்புகள், மாதா கூட்டின் திரை எல்லாம் என் கையால் தைத்தவை. இந்த விஷயமாகத் தங்கள் அலுவலகப் படியைப் பலமுறை ஏறி இறங்கிவிட்டேன். கடைசியாக வந்தபோது முகப்பு எழுத்தர் ஐயா நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு, அவருக்காக இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இருவரும் சிரித்து முடித்த பின், “இத்தனையும் எழுதிக் குடுங்கம்மா, ஃபைல்ல போட்டு வெச்சுடறோம்” என்றார். ஆகவே எழுதுகிறேன். ஃபைலில் போடுவதற்கு முன் தாங்கள் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

2. கதவில் ஒட்டிய அறிவிப்பில் இரண்டு காரணங்கள் கண்டுள்ளன. வடக்குச் சுவரின் வெடிப்பு அசைந்துகொண்டிருக்கிறது என்பது ஒன்று. “கட்டடத்திற்குக் குறிப்பிடத்தக்க வரலாறு எதுவும் இல்லை” என்பது மற்றொன்று. முதற்காரணத்துக்குப் பிறகு வருகிறேன். இரண்டாவதைப் படித்தபோது, பொய் சொல்ல விரும்பவில்லை ஐயா, பற்றிக்கொண்டு வந்தது. எனவே வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எங்களுக்கு ஜெபம் சொல்லித்தந்த உபதேசியார், வளர்ந்த பிள்ளைகளுக்குச் செய்யும் உறுதிபூசுதல் சடங்குக்கு வரும் ஒவ்வொருவரிடமும் ஜெபங்களைக் கேட்டு முடித்த கையோடு கோயில் கதையையும் கேட்பார். தப்பாகச் சொன்னால் அடுத்த வருஷம்தான். அவருக்குக் கேள்வி வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்குப் பயந்து படித்ததனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்களுக்கு வரும்.

3. இங்கே முதலில் இருந்தது பலகையால் அடித்த ஒரு சிறு ஜெபக்கூடம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் கட்டிக்கொண்டது. கூரைக்குக் கிழிந்த பாய்மரத் துணி. அது ஒரு கோடையில் எரிந்து போனது. பிறகு கல்லால் கட்ட ஆசைப்பட்டார்கள், கல் வாங்க வழியில்லை. அந்தக் காலத்தில் சரக்கில்லாமல் வரும் கப்பல்கள் பாரத்துக்காக அடித்தட்டில் கற்களைப் போட்டுக்கொண்டு வருமாம். இங்கே சரக்கு ஏற்றும்போது அந்தக் கற்களைக் கரையில் கொட்டிவிட்டுப் போகும். யாருக்கும் வேண்டாத அந்தக் கற்களைத்தான் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஆளுக்கொன்றாகச் சுமந்து வந்து சுவர் எழுப்பினார்கள். மழை பெய்து நனைந்தால் தாங்களே பார்க்கலாம். ஒரு கல் சிவப்பாகும், ஒன்று கறுக்கும், ஒன்று பச்சை காட்டும். எந்தெந்த நாட்டுக் கல் என்று எவருக்கும் தெரியாது. தங்கள் அறிக்கையில் இது “தரமற்ற கலப்புக் கட்டுமானம்” என்று குறிக்கப்பட்டுள்ளது. கலப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

4. கட்டுவித்தவர் கடல் கடந்து வந்த தாடிச் சாமியார். நல்லவர், ஆனால் கடும் அவசரக்காரர். கோயிலுக்கு இரண்டு கோபுரங்கள் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வடக்குப் பக்கம் மண் இளசு, பாரம் தாங்காது என்று கொத்தனார்கள் கெஞ்சியிருக்கிறார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வடக்குக் கோபுரம் பாதி எழும்பியபோதே அந்த மூலை இறங்கிச் சுவர் வெடித்தது. வெடிப்பைப் பார்த்த அன்று சாமியார் பூசை வைக்காமல் சுவரடியில் உட்கார்ந்துவிட்டாராம். அதோடு கோபுர வேலை நின்றது. எங்கள் கோயிலுக்கு இன்றுவரை ஒன்றரைக் கோபுரம் இருப்பதன் காரணம் இதுதான். பிற்பாடு அவர் காய்ச்சலில் கிடந்து சாகும்போது, தன்னைப் பீடத்தருகில் புதைக்கவேண்டாம், வெடிப்பு தரையைத் தொடும் இடத்தில் புதைத்தால் போதும், வருகிறவர் போகிறவர் எல்லாம் தன் அவசரத்தை மிதித்துக்கொண்டு போகட்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்படியே செய்தார்கள். அந்தக் கல்லறைக் கல்லை மிதிக்காமல் மாதா பீடத்துக்குப் போக முடியாது.

5. ஆக, வெடிப்பு நேற்று வந்ததில்லை. அது எங்கள் கோயிலோடு பிறந்தது. சாமியாருக்குப் பின் வந்தவர்கள் அந்தச் சுவரில் படம் எழுத ஓர் ஓவியரை அழைத்தார்கள். அவர் ஒரு பெரிய சம்மனசை, அதாவது தேவதூதரை, எழுதினார். இடது இறக்கையை விரித்து எழுதப் போனால் வெடிப்பு குறுக்கே நிற்கிறது. மனுஷன் இறக்கையை வெடிப்பின் ஓரமாகவே மடித்து எழுதிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் அதை நொண்டிச் சம்மனசு என்போம். வெடிப்பு பெரிதாகியிருந்தால் அந்த இறக்கையைத் தாண்டி வந்திருக்க வேண்டும். இன்றுவரை ஓர் இறகைக்கூடத் தொடவில்லை. போர் வந்தது, கோயில் மணியைக் கழற்றிக்கொண்டு போனார்கள், பீடத்தின் முன்னே காயம்பட்டவர்களைக் கிடத்தினார்கள், எந்த மதம் என்று கேட்காமல் குடும்பம் குடும்பமாக உள்ளே தங்கவைத்தார்கள். வெள்ளம் வந்து ஜன்னல் மட்டத்துக்கு நின்றது. சுவர் நின்றது.

6. இனி கண்ணாடிக்கு வருகிறேன். முன்னர் தங்கள் அலுவலகத்தில் இருந்த நெட்டையான பொறியாளர் ஒருவர் (இப்போது மாற்றலாகிப் போய்விட்டார்) கோயிலுக்கு வந்தார். அன்று நான் மாதா கூட்டுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தேன். தாங்கள் கோயிலைப் பார்த்ததில்லை என்று கேள்விப்பட்டதால் சொல்கிறேன்: வடக்குச் சுவரோரம் மாதா சுரூபத்துக்கு மேல் செதுக்கு வேலை செய்த உயரமான மரக்கூடு இருக்கிறது. வெடிப்பு அதன் பின்னால் உச்சியில் தொடங்கிக் கீழே வருகிறது. பொறியாளர் என்னை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மேலேறி, கூட்டின் உச்சிக்குப் பின்னே, வெடிப்புக்குக் குறுக்காக மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டினார். பிறகு இறங்கி, கையெட்டும் உயரத்தில் இன்னும் மூன்று ஒட்டினார். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் தேதியும் தன் கையெழுத்தும் இட்டார். என்ன சார் இது என்று கேட்டேன். “சுவத்துக்கு நாடி பாக்கறோம்மா. இது உடையாம இருந்தா சுவர் அசையலன்னு அர்த்தம்” என்றார். போகும்போது சாமியாரிடம் பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

7. எங்கள் அப்போதைய சாமியார் வயதானவர். ஞாயிறு பிரசங்கத்தின் முடிவில், “மாதா கூட்டுக்குப் பக்கத்துல சுவத்துல கண்ணாடி வெச்சிருக்கு. ரொம்ப முக்கியமானது. யாரும் அலட்சியமா நடந்துக்காதீங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஐயா, எங்கள் வழக்கத்தைத் தாங்கள் அறிய வேண்டும். புனிதர்களின் திருப்பண்டம், அதாவது அவர்களுடைய எலும்புத் துகளோ உடுப்பின் நூலோ, எங்கள் கோயில்களில் கண்ணாடிக்குள்தான் இருக்கும். அதன்மேல் சிவப்பு அரக்கு முத்திரையும், யாருக்கும் வாசிக்க வராத எழுத்தும் இருக்கும். நாங்கள் அதைக் கையால் தொட்டு, முத்தமிட்டு, கைக்குட்டையால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சுவரிலும் கண்ணாடி, சிவப்பு எழுத்து, முக்கியமானது என்று சாமியாரே சொல்லிவிட்டார். வேறென்ன நினைப்பார்கள்? அலட்சியமாக நடந்துகொள்ளவில்லை. மாலை போட்டார்கள், குழந்தைகளின் நெற்றியை அதில் வைத்து எடுத்தார்கள், அடியில் மெழுகுதிரி ஏற்றினார்கள்.

8. நான் சொன்னேன். அது நாடி பார்க்கிற கண்ணாடி, இன்ஜினியர் வைத்தது என்று, பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்யும் பீடச்சோடனைக்காரிகளிடம் சொன்னேன். “துணியைப் பத்திக் கேட்டா நீ சொல்லு, கோயிலைப் பத்தி நாங்க பாத்துக்கறோம்” என்றார்கள். இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நாள் காலை, அந்தக் கண்ணாடியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு என் தங்கை நிற்பதைப் பார்த்தேன். அவளுக்கு வயிற்றில் தங்குவதும் போவதுமாக வருஷக்கணக்காக ஓடியிருந்தது. ஆஸ்பத்திரியில் இனி முயற்சி செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். லாரி ஓட்டும் அவள் கணவர் ஊருக்கு வரும் நாளெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் என் கடையில் வந்து உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவள் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், அடி அது வெறும் கண்ணாடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்களுக்கு வந்திருக்குமா என்று தெரியாது.

9. அவளுக்கு இம்முறை தங்கியது. ஆண் பிள்ளை பிறந்தது. எப்படி என்று என்னைக் கேட்க வேண்டாம், மருத்துவரே தெரியாது என்கிறார். தெருவுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அந்தச் சுவரடியில் நிற்க இடமில்லை. தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனாள். வேண்டுதலின்படி பிள்ளையின் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரியை நேராகக் கண்ணாடியின் அடியிலேயே ஏற்றி வைத்தாள். சூட்டில் கீழ்க் கண்ணாடி பட்டென்று விரிந்தது. கண்ணாடி பேசிவிட்டது என்று ஒரு கிழவர் சொல்ல, கூட்டம் முண்டியடித்தது. மற்ற இரண்டும் கைபட்டு நொறுங்கின. சில்லுகளை ஆளாளுக்குக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

10. இதற்குப் பின்தான் தங்களது தற்போதைய ஆய்வாளர் புகைப்படக் கருவியோடு வந்தார். கீழ் மூன்று இடங்களைப் படமெடுத்தார். நான் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். “கண்ணாடி உடைஞ்சா சுவர் நகந்துச்சுன்னு அர்த்தம். இதுல பேச என்னம்மா இருக்கு?” என்றார். மேலே ஒன்று இருக்கிறது, ஏணி வைத்துப் பாருங்கள் என்றேன். அண்ணாந்து பார்த்தார். கூட்டின் உச்சி மறைப்பதால் கீழிருந்து பார்த்தால் அங்கே மரமும் தூசியும்தான் தெரியும். “அங்க ஒண்ணும் இல்லையே” என்று எழுதிக்கொண்டு போனார். அன்றே கதவுக்கு முத்திரை வைக்கப்பட்டது. அறிக்கையில் “ஒட்டப்பட்ட கண்ணாடிகள் அனைத்தும் உடைந்துள்ளன” என்று உள்ளது. ஐயா, அனைத்தும் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

11. மேலிடத்துக்கும் போய்ப் பார்த்தோம். ஆயர் இல்லத்தில் பொறுப்பாகப் பேசினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். நாளைக்கு யார் தலையிலாவது விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். பழைய சாமியாரை ஓய்வு இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்த இளம் சாமியார், “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா எழுத்துல வந்துடுச்சேம்மா” என்கிறார். கதவுக்கு முத்திரை வைக்கும்போதே இருக்கைகளை வெளியே எடுத்து முற்றத்தில் அடுக்கியாகிவிட்டது. இடிக்கும் இயந்திரம் என் கடை வாசலில் நிற்கிறது. அதை ஓட்டுகிறவர் நல்ல பிள்ளை, கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுத்தார், தைத்தும் கொடுத்தேன். என் கையால் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் அந்தச் சுவரை இடிக்கப் போகிறார் என்பதை நினைத்தால் ஊசியில் நூல் கோக்க வரமாட்டேன் என்கிறது.

12. உடைந்த சில்லுகளைத் திரட்ட வீடு வீடாகப் போனேன். சிலர் கொடுத்தார்கள். கறிக்கடைக்காரர், “இது வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்கு முட்டிவலி போச்சு, கேக்காதேக்கா” என்று பெட்டியைப் பூட்டிவிட்டார். கிடைத்தவற்றை ஒரு தகர டப்பாவில் இட்டு இத்துடன் இணைத்துள்ளேன். மெழுகும் புகைக்கரியும் படிந்திருப்பதைத் தாங்கள் கண்ணால் காணலாம். சுவர் நகர்ந்து உடைந்த கண்ணாடியில் கரி எப்படி வரும் என்பதைத் தங்கள் ஆய்வாளரிடம் கேட்டருள வேண்டும். கையைப் பதம் பார்த்துவிடும், கவனமாகத் திறக்கவும்.

13. கதவைத் தள்ளித் திறந்து நானே ஏறிப் பார்த்திருப்பேன். முத்திரையை உடைத்தால் குற்றம் என்கிறார்கள். அதைவிட, நான் பார்த்துச் சொன்னால் யார் நம்புவார்கள்? தங்கள் ஆள் பார்க்க வேண்டும். ஏணி எங்களிடமே உள்ளது. அரை மணி நேரம் போதும். வேண்டுமானால் புதுக் கண்ணாடி ஒட்டிக் கதவைத் தாங்களே பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரும் உள்ளே நுழைய மாட்டோம், பூசையைத் தெருவில் நின்று கேட்டுக்கொள்கிறோம். எவ்வளவு காலம் என்றாலும் சரி. திங்கட்கிழமைக்கு முன் பார்க்காமல் விட்டால் பிறகு பார்ப்பதற்குச் சுவர் இருக்காது.

14. இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். தண்ணீர்க் குழாயடியில் என் தங்கையின் காதுபடவே, “பிள்ளையை வாங்கிக்கிட்டு கோயிலைக் குடுத்துட்டா” என்றார்கள். சொன்னவர்களும் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்று அந்தக் கண்ணாடிக்கு முத்தமிட்டவர்கள்தான். அன்றிலிருந்து அவள் வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. பக்கத்துப் பங்குக் கோயிலில் கொடுக்கலாம் என்றால், எந்தக் கோயிலுக்குள்ளும் நுழைய எனக்கு யோக்யதை இல்லை என்கிறாள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் அந்தக் கோயிலையும், நான் தூக்கி வளர்த்த அவளையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன் ஐயா. இதைவிட மரியாதையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

15. நேற்று அவளிடம் போய் உள்ளதை உள்ளபடி எடுத்துச் சொன்னேன். மேலே இருக்கும் கண்ணாடியும் உடைந்திருந்தால், சுவர் தானாகவே நகர்ந்தது என்றாகும். உன்மேல் ஒரு பழியும் இல்லை, தலைநிமிர்ந்து நடக்கலாம், ஆனால் கோயில் போய்விடும். அது முழுதாக இருந்தால் கோயில் பிழைக்கும். கீழே உள்ளதை உடைத்தது சுவரில்லை, உன் மெழுகுதிரிதான் என்று அரசாங்கக் காகிதத்திலேயே எழுதிவிடுவார்கள், காலத்துக்கும் அது இருக்கும் என்றேன். அக்காவாக எனக்கு எதற்கு வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை என்றும் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “மேல இருக்கறது முழுசாத்தான் இருக்கணும்னு எழுதுக்கா. எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டு” என்றாள்.

எனவே, ஏணியோடு ஓர் ஆளை உடனே அனுப்பும்படி, கேட்கத் தெரிந்த விதமெல்லாம் கேட்டுவிட்ட நாங்கள் இருவரும் மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: கண்ணாடிச் சில்லுகள், தகர டப்பாவில்.

நாள்: வெள்ளிக்கிழமை.
இடம்: கோயில் தெரு.

இப்படிக்கு,

1. (ஒப்பம்)
தையற்கடைக்காரி, ஏணியைப் பிடித்திருந்தவள்.

2. (ஒப்பம்)
மேற்படியாளின் தங்கை, கீழ்க் கண்ணாடிகளை உடைத்தவள்.